நீண்ட கிரேக்கச் சொல்லைப் பிரித்துச் சொல்வது எப்படி: ஆங்கிலமொழி மூலத்துக்கு மாறும் மலையக மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உயர்தரத்தில் உயிரியலைத் தமிழ்மொழி மூலம் படித்துவிட்டு, பேராதனையிலோ பதுளையிலோ ஆங்கிலமொழி மூலப் படிப்பில் சேரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாதியர் பயிற்சிக்கும் ஆய்வுகூடப் பயிற்சிக்கும் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். நமக்குப் பாடம் தெரியும். ஒளித்தொகுப்பும் ஒடுக்கற்பிரிவும் பச்சையவுருமணியும் ஹட்டனில் படித்தாலும் கொழும்பில் படித்தாலும் ஒன்றுதான். இடறுவது வேறு இடத்தில். பதினெட்டு, இருபது எழுத்துள்ள ஒரு சொல்லைத் திரையில் போட்டு, வகுப்பு முழுவதும் கேட்க வாய்விட்டுச் சொல்லும்படி கேட்கும்போதுதான் நா எழாமல் போகிறது. பாடம் தெரிந்த பிள்ளை ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்துவிடுகிறார்.

நான் படித்த இடத்தில் இதை யாரும் முறையாகச் சொல்லித் தரவில்லை. "கேட்டுக் கேட்டுப் பழகிவிடும்" என்பதுதான் கிடைத்த ஒரே ஆலோசனை. அது பாதிதான் உண்மை. இதற்கென்று ஒழுங்கான வழி இருக்கிறது. பெரும்பாலான விதிகளை ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம், வாய் பழகத்தான் சில நாட்கள் தேவை.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு சொல்லைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தின் முழுப்பெயர்: ஓட்டோரைநோலாரிங்கொலஜி. ஆங்கிலத்தில் 19 எழுத்து. வைத்தியசாலைப் பலகையில் ஈ.என்.டி. என்று சுருக்கி எழுதியிருப்பார்கள், பரீட்சகர் அப்படிச் சுருக்க விடமாட்டார்.

1. கையில் இருக்க வேண்டியவை

விரிவுரைக் கையேட்டை முன்கூட்டியே வாங்குங்கள். சொல்லை முதன்முதலாக வகுப்பிலேயே பார்ப்பதுதான் பாதித் தொல்லைக்குக் காரணம். மூத்த மாணவர்களிடம் சென்ற ஆண்டுக் கையேடு இருக்கும், "அண்ணா, அக்கா" என்று கேட்டால் தராதவர் குறைவு.

உயர்தரத் தமிழ்க் குறிப்புகளை எறிந்துவிடாதீர்கள். பொருள் தெரிந்த சொல்லைத்தான் வாய் விரைவில் ஏற்கும். தேசிய கல்வி நிறுவகம் பாடத்திட்டங்களை மூன்று மொழிகளிலும் வெளியிடுகிறது. தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், நீங்கள் ஏற்கெனவே படித்த ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலப் பெயர் கிடைத்துவிடும்.

மூன்றாவது, ஒலிப்பதிவு உள்ள அகராதி. மெரியம் வெப்ஸ்டர், கேம்பிரிட்ஜ் இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் பயன்படுத்தலாம். தடித்த மருத்துவ அகராதியைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், நூலகத்தில் இருக்கும். மாதக் கட்டணம் கேட்கும் உச்சரிப்புச் செயலிகளும் தேவையில்லை. பொதுவான ஆங்கிலப் பேச்சு வகுப்புக்குப் பணம் கட்டினாலும் இந்தச் சொற்கள் அங்கே வரப்போவதில்லை. செலவு என்று பார்த்தால் ஒரு கொப்பியும் கொஞ்சம் டேட்டாவும்தான். தோட்டத்து வீட்டில் சிக்னல் வராதென்றால், டவுனுக்கு வரும் நாளில் வேண்டிய சொற்களின் ஒலியைப் போனில் சேமித்துக்கொண்டு போங்கள்.

2. மூட்டுகளைக் கண்டுபிடியுங்கள்

நீண்ட கிரேக்கச் சொல் ஒரு சொல் அன்று, பல சிறு சொற்களின் கோவை. இடமிருந்து வலமாக எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினால் நடுவிலேயே மூச்சு நின்றுவிடும். முதலில் பென்சிலால் மூட்டுகளில் கோடு போடுங்கள்.

ஓட்டோ, காது. ரைநோ, மூக்கு. லாரிங்கோ, குரல்வளை. லொஜி, இயல். நான்கே துண்டுகள். ரைநோவை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள், காண்டாமிருகத்தின் ஆங்கிலப் பெயரில் இருக்கும் அதே மூக்குத்தான்.

மூட்டைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் "ஓ" என்ற உயிர். கிரேக்கத் துண்டுகளை ஒட்டும் பசை அது. ஓட்டோ, ரைநோ, லாரிங்கோ மூன்றும் அதில்தான் முடிகின்றன. அடுத்த துண்டு உயிரெழுத்தில் தொடங்கினால் இந்த ஓ பல இடங்களில் உதிர்ந்துவிடும். காது அழற்சி ஓட்டோ–ஐட்டிஸ் ஆகாமல் ஓட்டைட்டிஸ் ஆவது அதனால்தான். உதிராமல் நிற்கும் இடங்களும் உண்டு. மூளையின் மின்னலைப் பதிவைக் குறிக்கும் எலெக்ட்ரோ–என்செஃபலோகிராஃபியில் ஓவும் எயும் அருகருகே நிற்கின்றன. அவற்றை ஒன்றாக விழுங்கிவிடாமல் இரண்டு உயிராகவே சொல்ல வேண்டும்.

துண்டுகளைக் கொப்பியில் அகர வரிசையில் சேருங்கள். ஹெப்பட்டோ (ஈரல்), நெஃப்ரோ (சிறுநீரகம்), கார்டியோ (இதயம்), ஹீமோ (இரத்தம்), ஃபைட்டோ (தாவரம்), டெர்மட்டோ (தோல்) என்று ஐம்பது துண்டுகள் சேர்ந்துவிட்டால், முதல் ஆண்டில் வரும் நீண்ட சொற்களில் பெரும்பாலானவை பிரிந்து வந்துவிடும்.

3. எழுத்தை ஒலியாக்குங்கள்

கிரேக்கச் சொற்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் பார்ப்பதற்குத்தான் பயங்கரம், ஆனால் ஒழுங்கானது. ஆங்கிலத்தின் சாதாரணச் சொற்களைவிட ஒழுங்கு அதிகம் என்றே சொல்வேன்.

பி–எச் சேர்ந்தால் ஃப. சி–எச் சேர்ந்தால் க: குளோரோஃபில், குரோமோசோம். ஆர்–எச் வந்தால் எச் ஒலிக்காது. சொல்லின் தொடக்கத்தில் பி–எஸ், பி–என், பி–டி வந்தால் பி ஊமை: சைக்கொலஜி, நியூமோனியா. தொடக்கத்தில் எக்ஸ் வந்தால் சிங்களவரும் தமிழரும் பெரும்பாலும் ஸ என்று சொல்லும் அந்த அதிர்வுள்ள இசட் ஒலி: காழுக்குரிய ஆங்கிலச் சொல்லான ஸைலெம்.

இந்த ஊமை விதி தொடக்கத்துக்கு மட்டுமே. அதே பி–டி சொல்லின் நடுவுக்குப் போனால் பி உயிர்பெறும். ஹெலிகொப்டரை எல்லோரும் சரியாகவே சொல்கிறோம். அது ஹெலிகோ, ப்டெரோன் என்ற இரண்டு துண்டுகள், சுழலும் சிறகு. வண்ணத்துப்பூச்சிகளின் வரிசையான லெபிடொப்டெராவிலும் இப்படித்தான். விதியை மனப்பாடம் செய்த மாணவர்தான் அங்கே பியை விட்டுவிடுகிறார்.

சி, ஜி ஆகிய இரண்டும் பின்னால் வரும் உயிரைப் பார்த்து மாறும். ஈ, ஐ, வை முன்னால் சி என்பது ஸ, ஜி என்பது ஜ. மற்ற உயிர்களின் முன் சி என்பது க, ஜி என்பது அதிர்வுள்ள க. நம் சொல்லிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. லாரிங்கொலஜியில் ஓவுக்கு முன் வருவதால் "ங்கொ". அதே குரல்வளையின் அழற்சி லாரின்ஜைட்டிஸ், அங்கே ஐக்கு முன் வருவதால் "ன்ஜை". ஒரே உறுப்பு, ஒரே எழுத்து, இரண்டு ஒலி.

அதிகம் இடறும் கூட்டு பி–எச்–டி–எச். கண் மருத்துவம் ஒஃப்தல்மொலஜி, தொண்டை அடைப்பான் டிஃப்தீரியா. பத்திரிகைகளில் "டிப்தீரியா" என்று பார்த்துப் பழகியதால் நாம் ப போடுகிறோம். அங்கே இருப்பது ஃப. கீழுதட்டை மேற்பல் தொட வேண்டும்.

நம் பாடநூல் எழுத்துமுறை இன்னொரு பொறி. ஒட்சிசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு என்று எழுதிப் பழகியிருக்கிறோம். தமிழில் எழுதும்போது அவை முற்றிலும் சரியான வடிவங்கள், அவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் பேசும்போது அந்த எழுத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசினால் ஐதரசனில் ஹ காணாமல் போகும், ஒட்சைட்டின் கடைசியில் ஓர் உ கூடும். இரண்டுக்கும் கொப்பியில் தனித்தனிப் பத்தி போடுங்கள்.

4. தமிழில் எழுதி அசைகளை எண்ணுங்கள்

ஆங்கில அகராதி சொல்லும் அசையும், தமிழ் இலக்கணத்தில் நாம் படித்த அசையும் ஒன்றல்ல. யாப்பில் "மலை" என்பது நிரையசை, ஓர் அசை. ஆங்கிலக் கணக்கில் ம, லை என்று இரண்டு. நேர், நிரை பார்த்து எண்ணினால் கணக்குத் தவறும். இங்கே விதி ஒன்றே: ஓர் உயிரொலிக்கு ஓர் அசை.

தமிழ் எழுத்துத் தெரிந்தவர்களுக்கு இதை எண்ணுவது மிக எளிது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இந்த வசதி கிடையாது. ஒலியைத் தமிழில் எழுதுங்கள். புள்ளி வைத்த எழுத்துகளையும் தனி ஆய்தத்தையும் விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணுங்கள். வரும் எண்தான் அசைகளின் எண்ணிக்கை.

ஓ–ட்டோ–ரை–நோ–லா–ரிங்–கொ–ல–ஜி. ஒன்பது.

எழுதும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, உயிர்களுக்கு நடுவே தனி ட வந்தால் நம் வாய் அதை மெலிதாக்கிவிடும். "ஓடோ" என்று எழுதினால் அப்படியே ஓடுவது போலத்தான் சொல்வோம். வல்லொலி வேண்டிய இடத்தில் ட்ட, ப்ப, க்க என்று இரட்டித்து எழுதுங்கள், அதிர்வுள்ள ஒலி வேண்டிய இடத்தில் எழுத்தின் கீழ் கோடு போடுங்கள். ங்கொ, ன்ஜை போன்ற இடங்களில் கோடு தேவையில்லை. மெல்லினத்துக்குப் பின்னால் தமிழ் வாய் தானாகவே அதிர்வைக் கொடுத்துவிடும்.

இரண்டாவது, இல்லாத உயிரைச் சேர்க்காதீர்கள். "கிராஃபி" என்று எழுதினால் கி, ரா, பி என்று மூன்று அசை ஆகிவிடும். அங்கே இருப்பது "க்ரஃபி", இரண்டுதான். இரத்த அழுத்தமானியின் பெயரை "இஸ்பிக்மோ" என்று தொடங்குவதும் இதே வகை. ஸ்–ஃபிக்–மோ–ம–நொ–மி–ட்டர், ஆறு அசை. முன்னால் இ போட்டால் ஏழு. ஸ் என்ற ஒலியை மட்டும் கொஞ்ச நேரம் நீட்டிப் பிடித்து, விடாமல் ஃபிக்குக்குப் போங்கள். சில நாளில் அந்த இ தானாக விழுந்துவிடும்.

மூன்றாவது, "லா" என்று நான் எழுதியிருப்பது உண்மையில் ஆவன்னா அன்று. ஆங்கிலத்தில் ஹட்டன் என்று சொல்லும்போது முதல் எழுத்தில் வருகிற, வாய் அகன்ற அந்த உயிர். தமிழில் அதற்கு எழுத்தில்லை. பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பென்சில் கோட்டையும் அசைக் கோட்டையும் ஒப்பிடுங்கள். லாரிங்கோ | லொஜி என்று மூட்டு. ஆனால் வாயில் வருவது லா–ரிங்–கொ–ல–ஜி. ஒட்டும் ஓவும் அதன் பின்னால் வரும் லகரமும் மூட்டைத் தாண்டிக் கலந்துவிடுகின்றன. மூட்டு பொருளுக்கு, அசை வாய்க்கு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து மூட்டு மூட்டாக நிறுத்திச் சொல்வதால்தான், ஒவ்வொரு துண்டும் சரியாக இருந்தும், கேட்பவருக்குச் சொல் புரியாமல் போகிறது.

5. அழுத்தத்தை வாலிலிருந்து தேடுங்கள்

தமிழில் ஒரு சொல்லின் அசைகளை ஏறக்குறைய ஒரே எடையோடு சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கி ஒலிக்கும், அருகில் உள்ளவை மங்கிவிடும். ஓங்க வேண்டிய அசை மாறினால் மற்ற ஒலிகள் அத்தனையும் சரியாக இருந்தும் விரிவுரையாளர் "மறுபடி சொல்லுங்கள்" என்பார். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், சொல்லின் வாலைப் பார்த்தே அழுத்தத்தைச் சொல்லிவிடலாம். கீழே சதுர அடைப்புக்குள் இருப்பது ஓங்கும் அசை.

லொஜி, கிராஃபி, ஸ்கொப்பி, பதி, டமி என்று முடிபவற்றில் கடைசியிலிருந்து மூன்றாவது அசை. ஓ–ட்டோ–ரை–நோ–லா–ரிங்–[கொ]–ல–ஜி. கருவிப் பெயரான மீட்டரும் இப்படித்தான்: ஸ்ஃபிக்–மோ–ம–[நொ]–மி–ட்டர், தெ–[மொ]–மி–ட்டர். சென்டிமீட்டர், மில்லிமீட்டர் போன்ற அளவைகள் இந்த விதிக்குள் வரா.

இக் என்று முடிந்தால் கடைசிக்கு முந்திய அசை. அரித்மெட்டிக் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு.

ஓசிஸ், ஐட்டிஸ், ஓமா என்று முடிந்தால் அந்த ஓ, ஐ மேலேயே அழுத்தம்: ரை–[நை]–ட்டிஸ், லா–ரின்–[ஜை]–ட்டிஸ். வண்ணத்துப்பூச்சியின் உருமாற்றத்தைக் குறிக்கும் மெட்டமோர்ஃபொசிஸில் மட்டும் பெரும்பாலோர் [மோர்] மேல் அழுத்துவார்கள்.

வால் மாறினால் அழுத்தம் நகரும் என்பதை, நீங்கள் நாள்தோறும் கேட்கும் ஒரு குடும்பத்தில் சோதித்துப் பாருங்கள். படம் [ஃபோ]–ட்ட–க்ராஃப். கலை ஃப–[ட்டொக்]–ர–ஃபி. அதன் அடைமொழி ஃபோ–ட்ட–[க்ராஃப்]–இக். ஒரே வேர், மூன்று இடத்தில் அழுத்தம். ஆகவே ஒரு சொல்லைக் கற்றுவிட்டு அதன் உறவுச் சொற்களையும் அதே தாளத்தில் சொல்லிவிடலாம் என்று எண்ணாதீர்கள்.

நீண்ட சொல்லில் துணை அழுத்தங்களும் இருக்கும். நம் சொல்லில் அவை மிக அழகாக அமைந்திருக்கின்றன: ஒன்று, மூன்று, ஐந்தாம் அசைகளில் சிறிய அழுத்தம், ஏழாவதில் பெரியது. ஓ–ட்டோ, ரை–நோ, லா–ரிங், கொ–ல–ஜி. இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று. கையால் மேசையில் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். கடைசி "ல" மங்கலாக, வாயைத் திறந்தும் திறக்காமலும் வரட்டும்.

6. அகராதியில் சரிபாருங்கள்

நீங்களே பிரித்து எழுதிய பிறகுதான் அகராதியைத் திறக்க வேண்டும். முதலிலேயே திறந்தால் காது கேட்கும், கை கற்காது.

மெரியம் வெப்ஸ்டரில் தலைப்புச் சொல்லின் நடுவே வரும் புள்ளிகளை அசைப் பிரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அச்சில் வரி முடியும்போது சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதற்கான குறிகள் அவை. உச்சரிப்புக்கான பிரிப்பு அதன் அருகில் தனியாக இருக்கும்.

அழுத்தக் குறியிலும் கவனம் தேவை. இணைய அகராதிகள் பலவற்றில் மேலே போடும் சிறு கோடு ஓங்கும் அசைக்கு முன்னால் வரும், கீழே போடுவது துணை அழுத்தம். நூலகத்தில் இருக்கும் சில மருத்துவ அகராதிகளிலோ கோடு அசைக்குப் பின்னால் வரும். அங்கே ஒற்றைக் கோடு முதன்மை, இரட்டைக் கோடு துணை. இரட்டை என்றால் பலமானது என்று நினைத்தால் தலைகீழாகிவிடும். எந்த அகராதியானாலும் முன்பக்கக் குறிவிளக்கத்தை ஒரு முறை படித்துவிடுங்கள்.

நம் நாட்டில் பிரித்தானிய எழுத்துக்கூட்டல். உணவுக்குழாயின் பெயர் கையேட்டில் ஓ–ஈ என்று தொடங்கும், அமெரிக்க நூலில் ஈயிலேயே தொடங்கும். சொல் கிடைக்கவில்லை என்றால் அந்த வரிசையிலும் தேடுங்கள். போனில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலியின் இயந்திரக் குரலை இத்தகைய சொற்களுக்கு நம்ப வேண்டாம், மனிதர் பதிவுசெய்த குரல் வேண்டும்.

7. எவ்வளவு நேரம், எப்போது

சமர்ப்பணமோ வாய்மொழிப் பரீட்சையோ இருந்தால் ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் நாள் சொற்களைப் பட்டியலிட்டு மூட்டுப் போடுவது, இரண்டாம் நாள் அசையும் அழுத்தமும், மூன்றாம் நாள் அகராதியில் சரிபார்ப்பது. மீதி நாட்கள் வாய்க்கு. ஒரு நாளைக்கு ஐந்து சொல்லுக்கு மேல் புதிதாக எடுக்காதீர்கள். காலையில் பத்து நிமிடம், இரவில் பத்து நிமிடம் போதும். முந்திய இரவு மொத்தமாக உட்கார்ந்து சொல்லிப் பார்த்தால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பும்.

பழகும்போது வாலிலிருந்து தொடங்குங்கள்: [கொ]–ல–ஜி. அது வந்ததும் லா–ரிங்–[கொ]–ல–ஜி. பிறகு ரை–நோ, பிறகு ஓ–ட்டோ. முன்னாலிருந்து கட்டிக்கொண்டு போனால் கடைசி எப்போதும் பலவீனமாகவே இருக்கும், அழுத்தமோ கடைசியில்தான் இருக்கிறது. வந்தபின் வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்லுங்கள். போனில் பதிவுசெய்து, மறுநாள் கேளுங்கள்.

ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் நேரத்தை இதற்குப் பயன்படுத்தலாம். ஹக்கலை, பேராதனை தாவரவியற் பூங்காக்களும் நல்ல பயிற்சி இடங்கள். மரந்தோறும் அறிவியற் பெயர்ப் பலகை இருக்கும், நுழைவு டிக்கெட் மட்டுமே செலவு.

8. விரிவுரையாளர் வேறு மாதிரிச் சொன்னால்

சில சொற்களுக்கு இரண்டு உச்சரிப்பும் ஏற்கப்பட்டவை. மூளையைக் குறிக்கும் துண்டைச் சிலர் என்செஃபலோ என்பார்கள், பிரித்தானியாவில் பயின்ற வைத்தியர்கள் பலர் என்கெஃபலோ என்பார்கள். இரண்டும் சரி. உங்கள் துறையில் புழங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே உரையில் இரண்டையும் கலக்காதீர்கள். நடுவில் தடுமாறினால் மூட்டில் நின்று மூச்சு எடுத்துத் தொடருங்கள். மூட்டில் நிற்பது யோசனை போலத் தெரியும். அசையின் நடுவில் நிற்பதுதான் திக்கல் போலத் தெரிவது.

9. முதல் வாரப் பயிற்சிக்கு

நம் மலையோடு தொடர்புள்ள சொற்களையே தருகிறேன். விடையை மறைத்துவிட்டு முதலில் நீங்கள் பிரித்துப் பாருங்கள்.

ஹோர்ட்டன் சமவெளியில் சிவப்பாய்ப் பூக்கும் மரம், ரோஜா–மரம் என்று பொருள்: ரோ–ட–[டென்]–ட்ரன், நான்கு.

அதே சமவெளியில் பல ஆண்டுகளுக்கு ஒரு முறை கூட்டமாகப் பூக்கும் நெலு, நம் குறிஞ்சியின் இனம், கூம்பு–பூ: ஸ்ட்ரொ–பி–[லான்]–தீஸ், நான்கு. முன்னால் இ வேண்டாம்.

மூக்கில் கொம்புள்ள மலைப் பல்லியின் பேரினம், கொம்பு–தாங்கி: செ–ர–[ட்டொ]–ஃபொ–ர, ஐந்து. மூட்டு செரட்டோவுக்கும் ஃபொரவுக்கும் நடுவே, அழுத்தமோ அதற்கு முன்னால் உள்ள ஒட்டும் ஓவின் மேல் என்பதை இதில் பாருங்கள்.

தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குப் போக விரும்புகிறவர்களுக்குத் தேவைப்படும் தாவர நோயியல்: ஃபை–ட்டோ–ப–[தொ]–ல–ஜி, ஆறு.

எலிக்காய்ச்சல்: லெப்–ட்டோ–ஸ்பை–[ரோ]–ஸிஸ், ஐந்து.

மூளை மின்னலைப் பதிவு: இ–லெக்–ட்ரோ–என்–செ–ஃப–[லொக்]–ர–ஃபி, ஒன்பது. இதை மட்டும் வாரக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோவுக்கும் என்னுக்கும் நடுவே உள்ள இடைவெளி சரியாக வர இரண்டு, மூன்று நாள் எடுக்கும்.